ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் காப்பீடு செல்லுமா?

கேள்வி: செங்கோட்டையை அடுத்த புளியரையில் இருக்கிறோம். அப்பாவுக்கு 68 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. அண்ணன் கேரளத்தில், எல்லையிலுள்ள ஆரியங்காவு தாண்டி, புனலூரில் கடை வைத்திருப்பதால் அப்பா மாதத்தில் பாதி நாள் அங்கேதான். போன மாதம் ஒருநாள் இரவு 9 மணிக்கு நெஞ்சை அடைக்கிறது என்றார். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கையில் இருந்த கார்டுகளை எல்லாம் நீட்டினோம். "தமிழ்நாட்டு கார்டு இங்கே எடுக்காது" என்று சொல்லிவிட்டார்கள். ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எடுத்து, ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்து, காலை 7 மணிக்கு அனுப்பினார்கள். பில் 14,200 ரூபாய். எங்களிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. அதுபோக, இரண்டு வருடம் முன்பு ஒரு தனியார் கம்பெனியில் 5 லட்சத்துக்குக் குடும்ப பாலிசியும் எடுத்தோம். கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா? அடுத்த முறை என்ன செய்ய வேண்டும்? அம்மாவுக்கு மூட்டுவலிக்குக் கொல்லம் பக்கம் 21 நாள் ஆயுர்வேத சிகிச்சை பார்க்க நினைக்கிறோம். அதற்கு பாலிசி உதவுமா? பேசாமல் கேரளத்தில் தனியாக ஒரு பாலிசி எடுத்துவிடலாமா?

— வாசகி, புளியரை

பதில்: கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 14,200 ரூபாய் கிடைக்காது. அதற்குக் காரணம் கேரளம் இல்லை, கடிகாரம். மருத்துவக் காப்பீடு என்பது உள்நோயாளியாகக் குறைந்தது 24 மணி நேரம் படுக்கையில் இருந்தவருக்கு. கண்புரை, டயாலிசிஸ், கீமோதெரபி போன்ற, ஒரே நாளில் முடியும் சில 'டே கேர்' சிகிச்சைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. இரவு 9 முதல் காலை 7 வரை பத்து மணி நேரம்தான் ஆகிறது. அதோடு, நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் சேர்த்திருந்தால், 24 மணி நேரம் தாண்டியிருந்தாலும் தரமாட்டார்கள். 'பரிசோதனை, மதிப்பீட்டுக்கான அனுமதி' என்பது எல்லா பாலிசியிலும் இருக்கும் விலக்கு. இதே பில் தென்காசியில் வந்திருந்தாலும் முடிவு இதுதான். வெளிநோயாளி செலவுக்குத் தனியாகப் பிரீமியம் கட்டிச் சேர்த்திருந்தால் மட்டும் அனுப்பிப் பாருங்கள்.

அடுத்தது, நீங்கள் நீட்டிய கார்டுகள். "எல்லாவற்றையும் நீட்டினோம்" என்கிறீர்கள். கவுண்டரில் இருந்தவர் மேலே இருந்ததைப் பார்த்துவிட்டு "எடுக்காது" என்றிருப்பார். ஒவ்வொன்றுக்கும் பணம் கட்டுகிறவர் வேறு, எல்லை வேறு.

பலர் பர்ஸில் வைத்திருக்கும் 14 இலக்க 'ஆபா' அட்டை காப்பீடே இல்லை. அது உங்கள் மருத்துவப் பதிவுகளுக்கான அடையாள எண். அதைக் காட்டினால் ஒரு ரூபாய்கூட வராது. 'ஆயுஷ்மான்' என்ற பெயர் இதிலும் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டத்திலும் இருப்பதால் வரும் குழப்பம் இது.

முதலமைச்சர் காப்பீடு தமிழ்நாடு அரசு பிரீமியம் கட்டும் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை, பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள மருத்துவமனையில் மட்டும். புனலூரில் நீங்கள் போன ஆஸ்பத்திரி அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அவர்கள் சொன்னது சரிதான், கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் விஷயம் அங்கேயே முடிந்துவிடவில்லை. 2018 செப்டம்பர் 23 அன்று மத்திய அரசின் பிரதமர் ஜன் ஆரோக்கிய திட்டம் (ஆயுஷ்மான் பாரத்) தொடங்கியபோது தமிழ்நாட்டில் அது முதலமைச்சர் காப்பீட்டோடு சேர்க்கப்பட்டது. 2011-ல் எடுத்த சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி மத்தியப் பட்டியலில் வந்த குடும்பங்களுக்கு, நாட்டில் எந்த மாநிலத்திலும் அந்தத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெறும் உரிமை உண்டு. மாநிலப் பட்டியலில் மட்டும் இருக்கும் குடும்பத்துக்கு இது கிடையாது. இரண்டு வீட்டிலும் அட்டை பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதால், பக்கத்து வீட்டுக்காரருக்குத் திருவனந்தபுரத்தில் நடந்தது உங்களுக்கும் நடக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

உங்கள் குடும்பம் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். மத்தியத் திட்டத்தின் 14555-க்கு ஆதார், ரேஷன் கார்டு எண்களைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். மாநிலத் திட்டத்துக்கு 1800 425 3993. இரண்டிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "எங்கள் குடும்பத்துக்கு வெளிமாநிலத்தில் சிகிச்சை பெறும் வசதி உண்டா, கொல்லம், திருவனந்தபுரம் மாவட்டங்களில் எந்த ஆஸ்பத்திரி?" உண்டு என்றால், கேரளத்தில் ஆஸ்பத்திரிக்குள் போனதும் பொது பில்லிங் கவுண்டருக்குப் போகாமல் 'காருண்யா' கவுண்டர் எங்கே என்று கேளுங்கள். அந்த மாநிலத்துத் திட்டத்தின் பெயர் காருண்ய ஆரோக்கிய சுரக்ஷா. மத்தியத் திட்டமும் அதே மேஜையில்தான் நடக்கிறது. "தமிழ்நாட்டு கார்டு" என்று ஆரம்பிக்காமல் "ஆயுஷ்மான் பாரத், வெளிமாநிலப் பயனாளி" என்று சொன்னால் அவர்கள் கணினியில் தேடுவார்கள். கைரேகை வைக்க நோயாளி அங்கே இருக்க வேண்டும். அப்பா அசையமுடியாத நிலையில் வார்டில் இருந்தால் கருவியை வார்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு 70 நிறைந்ததும் இன்னொன்று இருக்கிறது. 2024 அக்டோபர் 29 அன்று மத்திய அரசு தொடங்கிய வய வந்தனா அட்டையில், வருமானம் பார்க்காமல், தனியார் பாலிசி வைத்திருப்பவருக்கும் வருடம் 5 லட்சம். அதையும் எந்த ஆஸ்பத்திரி ஏற்கிறது என்று 14555-ல் கேட்டுக்கொண்டபிறகே கணக்கில் சேருங்கள்.

இனி தனியார் பாலிசி. உங்கள் குடும்பத்துக்குப் புனலூரில் உண்மையில் உதவக்கூடியது இதுதான், ஆனால் இதை நீங்கள் அன்றிரவு தனியாக எடுத்துச் சொல்லவே இல்லை என்று நினைக்கிறேன். இந்திய பாலிசிகள் இந்தியா முழுக்கச் செல்லும். புளியரை, புனலூர், திருப்பதி எல்லாம் கம்பெனிக்கு ஒன்றே. ஆனால் கேரளம் என்ற எல்லையைவிட உங்கள் அப்பாவுக்குப் பெரிய தடை ஒன்று அந்த பாலிசிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது: காத்திருப்புக் காலம்.

பாலிசி எடுத்து இரண்டு வருடம். சர்க்கரையும் பிரஷரும் அதற்கு முன்பே உண்டு. முன்பே இருந்த நோய்க்கும் அதன் விளைவுக்கும், 2024 ஏப்ரலில் வந்த விதிப்படி, கம்பெனி அதிகபட்சம் 36 மாதம் வரை பணம் தராமல் இருக்கலாம். அதற்கு முன்பு இது 48 மாதம். சில பாலிசிகளில் 24, 12 என்று குறைவாகவும் இருக்கும். நெஞ்சுவலி, மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு எல்லாவற்றையும் சர்க்கரை, பிரஷரின் விளைவு என்று சொல்ல அவர்களுக்கு அதிகம் சிரமம் இல்லை. ஆகவே இன்றைக்கே பாலிசிப் புத்தகத்தை எடுத்து அந்த மாதக் கணக்கைப் பாருங்கள்; எந்தத் தேதியில் முடிகிறது என்று அட்டையில் எழுதி வையுங்கள். அந்தத் தேதிவரை அப்பாவின் இதயத்துக்கு இந்த பாலிசியை நம்பாமல், கையில் பணமோ அரசுத் திட்டமோ இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே புத்தகத்தோடு நீங்கள் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தின் நகல் இருக்கும். அதில் சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் 'உண்டு' என்று டிக் இருக்கிறதா? ஏஜென்ட் நிரப்பும்போது "பிரீமியம் ஏறிவிடும், போடாமல் விடுவோம்" என்று சொல்வது நம் பக்கம் ரொம்பச் சாதாரணம். 'இல்லை' என்று இருந்தால், ஆஸ்பத்திரியில் மாட்டிக்கொள்வதற்கு முன்பு நீங்களே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அவர்கள் பிரீமியத்தை ஏற்றலாம், பாலிசியைத் திருத்தலாம், ரத்தும் செய்யலாம். ஆனாலும் நான் இதைத்தான் சொல்வேன். 60 மாதம் தொடர்ந்து பாலிசி ஓடினால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, பழைய நோயை மறைத்தீர்கள் என்று கிளெய்மை மறுக்க முடியாது என்பது உண்மைதான். அதற்கு உங்களுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. 68 வயது சர்க்கரைக்காரருக்கு மூன்று வருடம் சூதாட முடியாது.

ஆஸ்பத்திரியில் நடப்பதைப் பார்ப்போம். கிளம்பும் முன்பே கம்பெனியின் செயலியில் புனலூர், கொல்லம், திருவனந்தபுரம் மூன்றுக்கும் நெட்வொர்க் ஆஸ்பத்திரி (கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ளவை) பட்டியலை எடுத்து, இதய சிகிச்சை வசதி உள்ளதாக ஊருக்கு ஒன்றைக் குறித்து அண்ணன் போனிலும் அப்பா போனிலும் போட்டு வையுங்கள். நெட்வொர்க் ஆஸ்பத்திரி என்றால் இன்ஷூரன்ஸ் கவுண்டரில் இ-கார்டு, ஆதார் இரண்டையும் கொடுத்தால் முன்அனுமதிப் படிவம் போகும். 2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் போட்ட உத்தரவின்படி ஒரு மணி நேரத்துக்குள் கம்பெனி பதில் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜின்போது இறுதி அனுமதி மூன்று மணி நேரத்துக்குள். அதற்கு மேல் இழுத்ததால் ஆஸ்பத்திரி கூடுதல் வாடகை போட்டால் அது கம்பெனியின் தலையில். முதல் அனுமதி சிறு தொகைக்குத்தான் வரும், 40,000 அல்லது 50,000 என்று. பயப்பட வேண்டாம், சிகிச்சை நீள நீள ஆஸ்பத்திரி கூடுதல் கேட்கும்.

அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்தான் பாதி கிளெய்ம்களைக் கவிழ்க்கிறது: 'நோய் எவ்வளவு காலமாக'. நள்ளிரவில் கேஷுவாலிட்டி டாக்டர் கேட்கிறார், பதற்றத்தில் கூட வந்தவர் "ரொம்ப வருஷமா இருக்கு சார்" என்கிறார், அவர் பதினைந்து வருடம் என்று எழுதிவிடுகிறார். விண்ணப்பத்தில் பத்து என்று இருந்தால் கம்பெனியிலிருந்து உடனே கேள்வி வரும், கேஷ்லெஸ் (கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் கட்டும் வசதி) நிற்கும். அப்பாவின் முதல் சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டையோ பழைய மருந்துச் சீட்டையோ போனில் படம் எடுத்து வைத்திருந்து, அதைக் காட்டியே பதில் சொல்லுங்கள். தவறாக எழுதியிருந்தால் டிஸ்சார்ஜுக்கு முன்பே டாக்டரிடம் திருத்தி, கையெழுத்தும் சீலும் வாங்கிவிடுங்கள். வீட்டுக்கு வந்தபிறகு ஆரியங்காவு தாண்டித் திரும்பப் போய்க் கேட்டால் யாரும் மாற்றித் தரமாட்டார்கள்.

நெட்வொர்க்கில் இல்லாத ஆஸ்பத்திரி என்றாலும் கேஷ்லெஸ் கேட்டுப் பார்க்கலாம். 2024 ஜனவரியில் காப்பீட்டுக் கம்பெனிகளின் அமைப்பான பொதுக் காப்பீட்டுக் கவுன்சில் அறிவித்த ஏற்பாட்டின்படி, 15 படுக்கைக்குக் குறையாத, பதிவு பெற்ற எந்த ஆஸ்பத்திரியிலும் இது சாத்தியம். அவசரம் என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். திட்டமிட்ட சிகிச்சை என்றால் 48 மணி நேரம் முன்பே. சின்ன ஊர்களில் ஆஸ்பத்திரிதான் ஒத்துக்கொள்வதில்லை, பணம் தாமதமாகும் என்று. அப்போது கட்டிவிட்டுத் திரும்ப வாங்கும் வழி. அதற்கும் தகவல் கொடுத்தாக வேண்டும். பல பாலிசிகளில் 24 மணி நேரம்தான் கெடு. போனில் சொன்னால் கிளெய்ம் எண்ணை வாங்கி எழுதிக்கொள்ளுங்கள்.

ஆவணங்களைப் பெரும்பாலும் டிஸ்சார்ஜ் ஆன 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, வகைவாரியாகப் பிரித்த இறுதி பில், ரசீது எண்ணோடு பணம் கட்டிய ரசீது, டாக்டர் சீட்டோடு மருந்து பில்கள், பரிசோதனை முடிவுகள், ஆஞ்சியோ செய்தால் அதன் சி.டி., ஸ்டென்ட் வைத்தால் அதன் பெட்டியில் உள்ள ஸ்டிக்கரும் பில்லும், நெட்வொர்க் இல்லாத இடம் என்றால் ஆஸ்பத்திரியின் பதிவு எண். ஸ்டிக்கரைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கேத் லேப் (ஆஞ்சியோ செய்யும் அறை) ஊழியர் அதை நோட்டில் ஒட்டிவிட்டுப் போய்விடுவார், கேட்டு வாங்குங்கள். இன்னொரு எல்லைப்புறத் தலைவலி இனிஷியல். ஆதாரில் அப்பா பெயருக்கு முன்னால் 'எஸ்' இருக்கும், கேரள ஆஸ்பத்திரியில் பெயருக்குப் பின்னால் போடுவார்கள், பாலிசியில் தாத்தா பெயர் முழுதாக இருக்கும். சேர்க்கைச் சீட்டு எழுதும்போதே பாலிசியில் உள்ளபடி எழுத்து எழுத்தாகச் சொல்லி எழுதச் செய்யுங்கள்.

இனி அறை. உங்கள் பாலிசியில் அறை வாடகைக்கு வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். 5 லட்சத்தில் ஒரு சதவீதம் என்றால் நாளுக்கு 5,000. சொந்த ஊர் இல்லையே, கூட இருப்பவர் தங்க வேண்டுமே என்று 7,500 ரூபாய் அறை எடுக்கிறீர்கள். ஐந்து நாளில் பில் 1,80,000. அறை 37,500, டாக்டர், நர்சிங், தியேட்டர் 60,000, மருந்து, பரிசோதனை, ஸ்டென்ட் போன்றவை 82,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். அறையில் 25,000 மட்டும் தருவார்கள். அதோடு நிற்காது, நீங்கள் தகுதியைவிட உயர்ந்த அறையில் இருந்ததால் டாக்டர், தியேட்டர் கட்டணத்தையும் அதே மூன்றில் இரண்டு விகிதத்தில் வெட்டி 40,000 ஆக்குவார்கள். மருந்து, பொருத்தும் கருவி, பரிசோதனையில் இந்த வெட்டு கூடாது என்பது விதி. அதையும் சேர்த்து வெட்டியிருந்தால் சண்டை போடலாம். ஆகக் கிடைப்பது 1,47,500. 60 வயதுக்கு மேல் சேர்ந்தவருக்கு 20 சதவீதம் கோ-பே, அதாவது நீங்களே கட்டும் பங்கு, என்று இருந்தால் அதில் இன்னும் 29,500 போய் 1,18,000. கையுறை, மாஸ்க் போன்ற சில்லறைகள் இதில் இன்னும் கழியும். சில கம்பெனிகள் ஊர்களை மண்டலமாகப் பிரித்திருக்கின்றன. சின்ன ஊர் முகவரிக்குக் குறைந்த பிரீமியம் வாங்கிக்கொண்டு, பெரிய நகரத்தில் சிகிச்சை எடுத்தால் தனியாக ஒரு பங்கு உங்களைக் கட்டச் சொல்வார்கள். திருவனந்தபுரம், கொச்சி எந்த மண்டலம் என்று கேட்டு வையுங்கள்.

இவ்வளவும் சொன்னபிறகு ஒன்று: நிஜமாகவே மாரடைப்பு என்றால் கார்டு செல்லும் ஊரைத் தேடி மலைப்பாதையில் வண்டியைத் திருப்பாதீர்கள். புனலூரிலிருந்து தென்மலை, ஆரியங்காவு வழியாக வளைந்து வளைந்து வரும் நேரம் இதயத்துக்குத் தாங்காது. அவசர சிகிச்சையை எந்த ஆஸ்பத்திரியும் மறுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லியிருக்கிறது. அங்கேயே நிலைப்படுத்துங்கள். அதன்பிறகு செய்யவேண்டிய பைபாஸ், ஸ்டென்ட் போன்றவை தள்ளிப்போடக்கூடியவை என்று டாக்டர் சொன்னால், அப்போது முதலமைச்சர் காப்பீடு நடக்கும் நெல்லைக்கோ மதுரைக்கோ கொண்டுவரலாம்.

சாலை விபத்து மட்டும் தனிக்கணக்கு. தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த விபத்துக்கு, அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையை 'இன்னுயிர் காப்போம்' திட்டம் பார்த்துக்கொள்ளும். எல்லை தாண்டிய பிறகு 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்தியத் திட்டம்: குறிக்கப்பட்ட ஆஸ்பத்திரிகளில் ஏழு நாள் வரை 1,50,000 ரூபாய். மத்தியத் திட்டத்துக்குப் போலீஸ் பதிவு அவசியம்.

அம்மாவின் ஆயுர்வேதத்துக்கு வருவோம். 2024 ஏப்ரல் முதல் ஆயுர்வேத, சித்த சிகிச்சைக்கு மற்ற சிகிச்சைக்குச் சமமான இடம் தரவேண்டும் என்று விதி வந்திருக்கிறது. ஆனால் இடம் ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும்: குறைந்தது ஐந்து உள்நோயாளிப் படுக்கை, 24 மணி நேரமும் பொறுப்பில் தகுதியுள்ள வைத்தியர், தனி சிகிச்சை அறைகள், தினசரி நோயாளிப் பதிவேடு. ரிசார்ட்டோடு சேர்ந்த சிகிச்சை நிலையம், ஓய்வுக்கான தங்கல், புத்துணர்ச்சி சிகிச்சை எதற்கும் பணம் இல்லை. நம் ஆடி மாதத்தில் அங்கே கர்க்கடகச் சிகிச்சை என்று விளம்பரம் செய்வதெல்லாம் இந்த வகை. பில்லில் '21 நாள் பேக்கேஜ்' என்று ஒரே வரி இருந்தால் அதோடு முடிந்தது. நோயின் பெயர், ஏன் படுக்கவைத்துச் செய்ய வேண்டும் என்ற குறிப்பு, பிழிச்சல், கிழி போன்ற எண்ணெய், ஒத்தடச் சிகிச்சைகளில் நாள்வாரியாகச் செய்தது, மருந்து எல்லாம் தனித்தனியாக வேண்டும். இதற்கும் முன்னால் ஒன்று: வயதால் வரும் மூட்டுத் தேய்மானத்துக்குப் பல பாலிசிகளில் 24 அல்லது 36 மாதக் காத்திருப்பு உண்டு. உங்களுடையது 36 என்றால் சிகிச்சையை ஒரு வருடம் தள்ளுங்கள். எப்படியானாலும் சேரும் 48 மணி நேரம் முன்பே கம்பெனியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். அனுமதி மறுத்தால் குறைந்தபட்சம் பணம் கட்டுமுன் தெரிந்துவிடும்.

கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். அதோடு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255-ல் புகார் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டு ஆம்புட்ஸ்மன், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரி. செலவு கிடையாது, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரை தீர்ப்புச் சொல்லலாம். சிகிச்சை கேரளத்தில் நடந்தது என்பதால் கொச்சிக்கு அலைய வேண்டாம். குடியிருப்பது தமிழ்நாடு, ஆகவே சென்னை அலுவலகம்.

கடைசிக் கேள்வி. கேரளத்தில் தனி பாலிசி எடுப்பதில் ஒரு லாபமும் இல்லை. புது பாலிசி என்றால் அப்பாவின் சர்க்கரைக்குக் காத்திருப்பு முதல் மாதத்திலிருந்து மறுபடி ஆரம்பமாகும், இந்த இரண்டு வருடம் வீணாகும். புனலூர், கொல்லம் பக்கம் நெட்வொர்க் அதிகமுள்ள கம்பெனிக்கு மாறித்தான் ஆக வேண்டும் என்றால் இருப்பதை போர்ட் செய்யுங்கள், அதாவது இருக்கும் பாலிசியையே அந்தக் கம்பெனிக்கு மாற்றுங்கள். புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்பு விண்ணப்பம் போக வேண்டும். இதுவரை கழிந்த காத்திருப்பு மாதங்கள் பழைய காப்பீட்டுத் தொகை அளவுக்குக் கூடவே வரும். புதுக் கம்பெனி கையில் பாலிசி தரும்வரை பழையதன் பிரீமியத் தேதியைத் தவறவிடாதீர்கள்.